முருகையன் அண்ணன் சாப்பிட்ட இட்லி

“அப்பா, அண்ணன் எப்படி இருக்காரு?”

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறேன். ஜன்னலோரக் கட்டிலில் நித்யா சாய்ந்திருக்கிறாள். தோள்பட்டை எலும்பு முறிந்ததற்குப் போட்ட கட்டு. இடது கை கழுத்திலிருந்து துணியில் தொங்குகிறது. தினமும் இதே நேரம், இதே கேள்வி.

“தேவலாம்மா. இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்டாராம்.”

“சட்னியா, சாம்பாரா?”

“சாம்பார்தான். ஆஸ்பத்திரியில வேற என்னா குடுப்பாங்க?”

சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். சட்டையிலும் சிந்தியது.

முருகையன் இறந்து அன்றைக்கு இருபத்து மூன்று நாள்.

ஒரு வாசகிக்கு முதலிலேயே பதில்

விபத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். “லாரி மோதியதை இவ்வளவு விரிவாக எழுதினீர்களே, பிள்ளை அப்புறம் சாப்பிட்டாளா, தூங்கினாளா, பள்ளிக்கூடம் போனாளா, அதைச் சொல்லாமல் நிறுத்தினால் நாங்கள் எப்படித் தூங்குவது?” என்று கோபித்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டாள். தூங்கினாள். போனாள். இனி பதற்றமில்லாமல் படிக்கலாம்.

போன இதழைப் பார்க்காதவர்களுக்கு நாலு வரி. எங்கள் வீடு முதலியார்பேட்டையில். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். என் மனைவி கௌரி. எங்கள் ஒரே பெண் நித்யா அப்போது எட்டாம் வகுப்பு. முருகையன் ஓட்டிய பள்ளி ஆட்டோவில் அவள்தான் முதல் சவாரி. அவளை ஏற்றிக்கொண்ட பிறகுதான் மற்றப் பிள்ளைகள். அதனால் டிரைவர் சீட்டிலேயே அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவாள்.

அன்று காலை தெருமுனை தாண்டியதும் ஜியாமெட்ரி பாக்ஸை மறந்துவிட்டதாகச் சொன்னாள். முருகையன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார். நான் மாடிப்படியில் நின்று பாக்ஸைக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. “தலை தனியா இருந்தா அதையும் வெச்சிட்டுப் போவே” என்று ஆரம்பித்து ஒரு நிமிடம் திட்டிவிட்டுக் கொடுத்தேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் லாரி.

முருகையன் அங்கேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நித்யா அவரைத்தான் கேட்டாள். “மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கம்மா” என்றேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நம் வீடுகளில் நோயாளியிடமும் சின்னப் பிள்ளையிடமும் சாவைச் சொல்வதில்லை. அதைச் சொல்லாமலிருப்பதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை.

வயிற்றுவலி

எலும்பு கூடிவிட்டது. கட்டையும் அவிழ்த்தார்கள். பிறகுதான் வயிற்றுவலி ஆரம்பித்தது.

இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்டால் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். எந்த வண்டியிலும் ஏற மாட்டாள். என் மொபெட்டில்கூட. பள்ளிக்கூடம் என்ற பேச்செடுத்தாலே வாந்தி. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கௌரி ஊக்கு குத்திவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்தோம். ஒன்றுமில்லை. கௌரி பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய், தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தாள். மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறும் ஏறியது. அதைப் பார்த்த ஒரு டாக்டர், “வாத்தியார் வீட்டுலயே இப்பிடியா?” என்று சிரித்தார். நானும் வெட்கத்தோடு சேர்ந்து சிரித்தேன். நித்யா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இந்த வருடம் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். எனக்கு வருடத்தைப் பற்றிக் கவலையில்லை. இரவில் எழுந்து அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன். பச்சைக் குழந்தையாக இருந்தபோது செய்தது.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான் ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். “மனசுக்குப் பாக்கறவங்க. பிரான்சுல இருந்தவங்க. நம்ம ஊருதான்.”

தெருவில் என்ன சொல்வது? கௌரி பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள். மூன்றாவது வாரம் எதிர்வீட்டு அம்மா கேட்டேவிட்டார்: “உன் பொண்ணுக்கு என்னாடி, முதலைப் பல்லா? இத்தினி நாளா பாக்கறாங்க?”

மதாம்

கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் பழைய வீடு. நித்யா வண்டி ஏறாததால் நடந்தேதான் போவோம். அங்கே எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அறுபது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, வெட்டிய நரைமுடி. பிடியில்லாத அகலக் கிண்ணத்தில் காப்பி கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கயிற்றைப் பார்த்தார்.

“ஓதிக் கட்டினதா? யாரு கூட்டிட்டுப் போனது?”

“நான்தான்” என்றாள் கௌரி, திட்டு வாங்கத் தயாராக.

“நல்லதுதானே. தண்ணி குடிச்சப்ப வயிறு எப்பிடி இருந்துச்சு?” என்று நித்யாவைக் கேட்டார்.

“கொஞ்சம் தேவலாம் போல இருந்துச்சு.”

“அப்ப கயிறு இருக்கட்டும். கழட்ட வேணாம்.”

அந்த நிமிடம் நித்யா, மறைத்து வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்தாள்.

மதாம் அவளிடம் ‘உன் மனசுல என்ன இருக்கு’ என்று ஒருநாளும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. வயிற்றைத்தான் கேட்டார். எப்போது பிசைகிறது, எப்போது எரிகிறது, யார் சாப்பாடு போட்டால் கொஞ்சம் இறங்குகிறது. பின்னொரு நாள் அதற்குக் காரணம் சொன்னார். பிரான்சிலிருந்து திரும்பிய புதிதில் அங்கே கற்றதைப் போலவே இங்கும் ஆட்களை எதிரே உட்கார வைத்து மனதைப் பேசச் சொன்னாராம். “எல்லாரும் ‘நல்லா இருக்கேன் மதாம்’னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. ஒரு அம்மா மட்டும் போறப்ப, வயிறு பத்தி எரியுது மதாம்னாங்க. அலோர்...” ‘அப்படியென்றால்’ என்ற பொருளுள்ள இந்தப் பிரெஞ்சுச் சொல் இல்லாமல் அவரால் எதையும் தொடங்க முடியாது. “அலோர், நான்தான் தப்பான கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”

நாலாவது வாரம் நித்யாவோடு அரைமணி தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அவள் உள்ளே பூனையோடு இருந்தாள்.

“அவளைக் கேட்டுக்கிட்டுதான் இதைச் சொல்றேன். அந்த டிரைவர் போயிட்டாருன்னு உங்க பொண்ணுக்குத் தெரியும்.”

“எப்பலேர்ந்து?” என்றேன்.

“அன்னிலேர்ந்து. பக்கத்துல உக்காந்திருந்தவளாச்சே சார்.”

“அப்ப ஏன் தினம் தினம் கேக்கறா?”

“கேக்காம விட்டா நீங்க சந்தேகப்படுவீங்களாம். ‘அப்பா பாவம் மதாம். தினமும் யோசிச்சு யோசிச்சு சொல்றாரு. ஒரு நாளு இட்லி, ஒரு நாளு ரொட்டி’ன்னா.”

கௌரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டுப்பாவாடை

மதாம் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா. ஊரில் பழைய சிப்பாய்களை இன்றும் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவுக்குப் போயிருந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் பதினொரு வயது மதாம். வருகிற கடிதங்களைத் தமிழில் படித்துச் சொல்வது அவர் வேலை.

அக்காவின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. அது அப்பா எழுதியதல்ல. படையிலிருந்து வந்தது.

“பாதி படிச்சதும் எங்க சித்தப்பா என் மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சிக்கிட்டாரு. கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ‘கல்யாணம் முடியட்டும். அப்பா நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காருன்னு உங்கம்மாகிட்ட படி’ன்னாரு. படிச்சேன். அங்க குளிர் இல்ல, நல்ல ரொட்டி கிடைக்குது, கல்யாணத்த நல்லா நடத்து. எல்லாம் நானே கட்டினது. சின்னப் பிள்ளதானே, கடைசியில ஒண்ணு சேத்துக்கிட்டேன். ‘பாப்பாவுக்கு ஒரு பட்டுப்பாவாடை எடு’ன்னு.”

அம்மா எடுத்துக் கொடுத்தாராம். கல்யாணத்தில் அதைக் கட்டிக்கொண்டு மதாம் பன்னீர் தெளித்தாராம். தலை நிறையப் பூவோடு அம்மா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாராம்.

“தெரிஞ்சப்புறம் எங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. அந்தப் பாவாடைய மடிச்சு எடுத்து வெச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த லெட்டர் வந்தாலும் தெருவுல போறவங்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுவாங்க. என்கிட்ட குடுக்கவே இல்ல.”

உள்ளே நித்யா பூனையை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் இந்தப் படிப்பு படிச்சதே அதுக்குத்தான்னு வெச்சுக்குங்க. சரி, அந்த டிரைவர் வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனீங்களா?”

நாங்கள் இருவரும் மூன்றாம் நாளே போய்வந்திருந்தோம். நித்யா கட்டோடு படுத்திருந்தாள்.

“அவ போகணும் சார். நம்ம ஊர்ல ஒரு சாவுன்னா யார் வந்து அழணும்னு ஒரு மொறை இருக்குல்ல? அவ ஒருத்திய மட்டும் வாசலுக்கு வெளிய நிறுத்தி வெச்சிருக்கோம். மூணு மாசமா அங்கியே நிக்கிறா.”

“வயசுக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகல மதாம், சாவு வீட்டுக்கு எப்பிடி...” என்றாள் கௌரி.

“கருமாதி முடிஞ்சு எத்தினி நாளாச்சு? அதுக்கப்புறம் ஏது தீட்டு? உங்க சைடுல பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. அவங்க வேணாம்னா வேற யோசிப்போம்.”

கௌரி அன்று சாயங்காலமே கடலூரில் இருக்கும் தன் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். “பதினாறு கழிஞ்சா போலாம்டி. வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கச் சொல்லு” என்று அந்த அம்மா அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

என் பயம் வேறு. அதையும் அன்றே மதாமிடம் கேட்டிருந்தேன். “வண்டியத் திருப்பச் சொன்னது எம்பொண்ணு. அந்தம்மா அவளைப் பாத்து, உன்னாலதான்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா?”

“சொல்லலாம். சொல்ல மாட்டாங்கன்னு நான் எப்பிடி வாக்குக் குடுக்க முடியும்? முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள நீங்க உங்க இட்லிய நிறுத்துங்க.”

இட்லியை நிறுத்திய நாள்

மறுநாள் சாயங்காலம், அதே ஜன்னல். “அப்பா, அண்ணன்...” என்று ஆரம்பித்தாள்.

“அண்ணன் போயிட்டாரும்மா.”

“தெரியும்பா.” பிறகு, “இனிமே கேக்க வேணாமா?” என்றாள். விடுமுறை விட்டதுபோல் ஒரு குரல்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். மாடிப்படியில் நின்று நான் திட்டியதைச் சொன்னேன். திட்டாமல் கொடுத்திருந்தால் லாரி வருவதற்கு முன்னாலேயே ஆட்டோ அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். இயற்பியல் படித்தவனுக்கு இது எளிய கணக்கு. அந்தச் சாலையில் கைக்கடிகாரத்தோடு இரண்டு முறை போய்வந்திருந்தேன். கௌரிக்குக்கூடத் தெரியாது.

நித்யா என் பக்கம் திரும்பினாள். “நான் மறந்ததாலதான்னு நான் நெனச்சேன். நீங்க திட்டினதாலன்னு நீங்க நெனச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“லூசாப்பா நீங்க?” என்றாள். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சத்தம் போட்டு அழுதாள்.

குருசுக்குப்பம்

மதாம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினார்: ‘வரச் சொல்கிறார்கள். பிள்ளை இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.’ அவர் எங்களோடு வரவில்லை. “இது நீங்க செய்ற மொறை. நான் எதுக்கு?” என்றார். நித்யாவிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருந்தார். “உன்னைப் பாத்ததும் அவங்க சத்தமா அழுவாங்க. உன் மேல கோவம்னு நெனைக்காதே. புதுசா யாரு வந்தாலும் அப்பிடித்தான் அழணும். நீயும் அழலாம். அழாமலும் இருக்கலாம்.”

ஊரின் தெற்கிலிருந்து வடக்குக் கோடியிலிருக்கும் குருசுக்குப்பத்துக்கு மூவரும் நடந்தோம். கடற்கரைச் சாலையில் வெயில். நித்யா இரண்டு இடத்தில் நின்றாள். திரும்பிப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். அவள் கேட்கவில்லை.

முருகையன் மீனவக் குடும்பம்தான். கடல் ஒத்துக்கொள்ளாமல் ஆட்டோவுக்கு வந்தவர். சின்ன ஓட்டு வீடு. நாங்கள் வாசலுக்குள் கால் வைத்ததுமே அவருடைய அம்மா மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தார். அவர் மனைவி அஞ்சலை ஓடிவந்து கௌரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நித்யா சுவரோடு சுவராக நின்றாள்.

அழுகை தணிந்ததும் அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

“அக்கா, நான்தான் வண்டியத் திருப்பச் சொன்னேன்” என்றாள் நித்யா. யாரும் கேட்காமலே.

கிழவியின் அழுகை பாதியில் நின்றது.

“என்னா மறந்த?” என்றாள் அஞ்சலை.

“ஜியாமெட்ரி பாக்ஸ்.”

“மறதி மகராணின்றது நீதானா?”

நித்யா விழித்தாள்.

“வீட்டுக்கு வந்து சொல்லுவாரு. இன்னிக்குத் தண்ணி பாட்டில், இன்னிக்கு டிபன் பாக்ஸுன்னு. என்னா மறந்தா உங்க மகராணின்னு நானே கேப்பேன்.” பிறகு, “அன்னிக்குத் திருப்பச் சொன்னப்ப கோவமா இருந்தாரா?”

“இல்லக்கா. சிரிச்சாரு.”

“ஏதாச்சும் சொன்னாரா?” அஞ்சலை தரையில் நகர்ந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். “என்னா சொன்னாரு, சொல்லும்மா.”

நித்யா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

“இன்னிக்கு ஊரே மறதிதான் போலன்னாரு. உங்கக்கா உப்புமாவுல உப்பு போட மறந்துட்டா, சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவா, அதான் வாயத் தொறக்காம தின்னுட்டு வந்துட்டேன், சாயங்காலம் போய்க் கலாய்க்கணும்னு சொல்லிச் சிரிச்சாரு.”

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பும் கலந்திருந்தது.

“நெஜமாவே போடலம்மா. அவரு போனப்புறம் நான் வாயில வெச்சப்பதான் தெரிஞ்சிச்சு. ஒரு வார்த்தை பேசாம தின்னுட்டுப் போனாரு. என் மேல கோவத்துலதான் போனாரோ, அந்தக் கோவத்துலதான் வண்டியப் பாக்காம ஓட்டினாரோன்னு...”

கௌரி அவள் முதுகைத் தடவினாள்.

“மறுபடி சொல்லு. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவான்னாரா?”

நித்யா மறுபடி சொன்னாள். கிழவி, “எனக்கு ஒரு காது கேக்காது, இந்தப் பக்கம் வந்து சொல்லு பாப்பா” என்றார். பக்கத்தில் போய் அவருக்கும் சொன்னாள். முருகையன் எந்தக் கையால் ஹேண்டிலைப் பிடித்திருந்தார், எப்படிச் சிரித்தார் என்றெல்லாம் அஞ்சலை கேட்கக் கேட்கச் சொன்னாள். மூன்று மாதமாக நாங்கள் பேசவிடாமல் வைத்திருந்த பெண். முருகையனின் கடைசி ஐந்து நிமிடம் இந்த உலகத்தில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அதை இவர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்காமல் இட்லியும் சாம்பாருமாக நான் வழிமறித்து நின்றிருக்கிறேன்.

அஞ்சலை டீ போட்டுக் கொடுத்தாள். நித்யா முழு டம்ளரையும் குடித்தாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் விடைபெறக் கூடாது. ‘போய்ட்டு வரேன்’ என்ற பேச்சே வரக் கூடாது. நானும் கௌரியும் பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டினோம். இந்த முறையை நித்யாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாவு வீட்டுக்கே அவளை நாங்கள் கூட்டிப்போனதில்லை.

“போய்ட்டு வரேன்க்கா” என்றாள், நல்ல சத்தமாக.

கௌரி என் முழங்கையைப் பிடித்து இறுக்கினாள். உள்ளேயிருந்து கிழவி, “ஐயய்யோ, அப்பிடிச் சொல்லக் கூடாது பாப்பா” என்று பதறினார்.

“நீ சும்மா இரு அத்தே” என்றாள் அஞ்சலை. வாசல்வரை வந்துவிட்டிருந்தாள். “எப்ப வருவே?”

நித்யா யோசித்தாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள்.

“சனிக்கிழமை வரேன்க்கா. அன்னிக்கு அரை நாள்தான் ஸ்கூல்.”